உணவுக்குப் பிந்தைய குருதிச் சர்க்கரை

உணவுக்குப் பிந்தைய குருதிச் சர்க்கரை என்பது, ஒருவர் உணவு உண்ணத் தொடங்கிய பின் வரும் சில மணி நேரத்தில் அவரது குருதியில் காணப்படும் குளுக்கோசின் அளவு ஆகும். தமிழ்நாட்டு ஆய்வுக்கூட அறிக்கைகளில் இது பி.பி.பி.எஸ். என்ற சுருக்கத்தால் குறிக்கப்படும். பேச்சு வழக்கில் "சாப்பிட்ட பின் சுகர்" என்பர். இரண்டாம் வகை நீரிழிவு நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட பலருக்கு, வெறும் வயிற்றில் எடுக்கப்படும் அளவு சற்றே கூடியிருக்கும் நிலையிலேயே உணவுக்குப் பிந்தைய அளவு மிகவும் உயர்ந்து விடுகிறது. எனவே நோயின் தொடக்க ஆண்டுகளில் இவ்வளவைக் கட்டுப்படுத்துவது சிகிச்சையின் முதன்மையான பகுதியாக உள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023 ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். சோற்றை முதன்மை உணவாகக் கொண்ட தென்னிந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை அன்றாட நடைமுறைச் சிக்கலாகும்.

உடலில் நிகழ்வது

நலமான ஒருவரின் குருதி முழுவதிலும் சேர்த்து ஏறத்தாழ 5 கிராம் குளுக்கோசே உள்ளது. இது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் அளவு. சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒருவர் மதிய உணவில் 300 கிராம் சோறு உண்டால், குழம்பையும் பொரியலையும் கணக்கில் சேர்க்காமலேயே 84 கிராம் மாவுச்சத்து குடலுக்குள் செல்கிறது. அது குருதியில் உள்ள மொத்தக் குளுக்கோசைப் போல் பதினாறு மடங்குக்கும் கூடுதலாகும். இவ்வளவும் ஓரிரு மணி நேரத்தில் உறிஞ்சப்பட்டும் நலமானவரின் குருதிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. உண்ணத் தொடங்கி ஒரு மணி நேர அளவில் உச்சத்தை எட்டி, இரண்டு முதல் மூன்று மணி நேரத்திற்குள் பழைய நிலைக்குத் திரும்பி விடுகிறது.

இதற்குப் பல செயற்பாடுகள் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். உணவு சிறுகுடலை அடைந்ததும் குடற்சுவரிலிருந்து ஜி.எல்.பி-1, ஜி.ஐ.பி. ஆகிய இயக்குநீர்கள் சுரக்கின்றன. இவை இன்கிரெட்டின்கள் எனப்படும். குருதியில் குளுக்கோசு ஏறுவதற்கு முன்பே கணையத்தை ஆயத்தப்படுத்துவது இவற்றின் பணி. கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் இன்சுலினை முதல் சில நிமிடங்களில் வெளியிடுகின்றன; இது முதற்கட்டச் சுரப்பு. பின்னர் புதிதாக உருவாக்கப்படும் இன்சுலின் மெதுவாக, நீண்ட நேரம் சுரக்கிறது. இது இரண்டாங்கட்டச் சுரப்பு. முதற்கட்டச் சுரப்பின் அளவு சிறிதாயினும் அதன் பயன் பெரிது. உணவு இல்லாத வேளையில் குளுக்கோசைக் குருதிக்கு வழங்கிக் கொண்டிருக்கும் கல்லீரலை, "இனி வேண்டாம்" என்று நிறுத்துவது இச்சுரப்பே. அதே வேளையில் குளுக்ககான் என்னும் எதிர் இயக்குநீரும் குறைகிறது. தசைகள் குளுக்கோசை உள்வாங்கத் தொடங்குகின்றன.

இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் கெடுவன இந்தத் தொடக்க நிமிடங்களே. முதற்கட்ட இன்சுலின் சுரப்பு நோயின் மிகத் தொடக்க நிலையிலேயே மங்கி விடுகிறது. உணவுக்குப் பின் குறைய வேண்டிய குளுக்ககான் குறைவதில்லை. ஆகவே குடலிலிருந்து குளுக்கோசு வரும்போதே கல்லீரலும் தன் பங்குக்கு வழங்கிக் கொண்டே இருக்கிறது. ஒரு தொட்டிக்கு இரு குழாய்களிலிருந்தும் நீர் வர, வெளியேறும் குழாய் பாதி அடைபட்டிருப்பதைப் போன்ற நிலை இது. பிரித்தானியாவில் நடந்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வின் கணக்குப்படி, நோய் கண்டறியப்படும் நாளிலேயே பீட்டா உயிரணுக்களின் செயற்றிறன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. "நேற்று வரை ஒன்றும் இல்லையே" என்று நோயாளிகள் வியப்பதுண்டு. ஆயின் மாற்றம் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

காலை உணவுக்குப் பின் வரும் ஏற்றம் பலருக்கு நாளின் மிகப் பெரிய ஏற்றமாக அமைகிறது. விடியற்காலையில் கார்ட்டிசோல் முதலிய இயக்குநீர்கள் மிகுவதும், இரவு முழுவதும் உணவின்றி இருந்ததால் இன்சுலினுக்கான எதிர்ப்பு கூடியிருப்பதும் இதற்குக் காரணங்கள். மதியம் ஆறு இட்லி உண்டால் ஏறாத அளவுக்குக் காலையில் நான்கு இட்லிக்கே ஏறிவிடுவதை இதனால் விளக்கலாம்.

அளவுகளும் இலக்குகளும்

குருதிச் சர்க்கரை இந்தியாவில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அலகிலும், பிரித்தானியா முதலிய நாடுகளில் லிட்டருக்கு மில்லிமோல் என்ற அலகிலும் தரப்படுகிறது. முன்னதை 18 ஆல் வகுத்தால் பின்னது கிடைக்கும். இக்கட்டுரையில் மில்லிகிராம் அலகே பயன்படுத்தப்படுகிறது.

நோயைக் கண்டறிவதற்கான எல்லைகளும், சிகிச்சை பெறுவோருக்கான இலக்குகளும் வெவ்வேறானவை. இவ்விரண்டும் பெரும்பாலும் குழப்பிக் கொள்ளப்படுகின்றன. நீரிழிவைக் கண்டறிய 75 கிராம் குளுக்கோசை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து அளக்கின்றனர். அப்போது 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. 140 முதல் 199 வரை இருந்தால் முன்நீரிழிவு நிலையின் ஒரு வகை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருப்பதும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்பதும் நீரிழிவைக் குறிக்கும். அறிகுறிகள் தெளிவாக இல்லாதபோது ஒரே ஒரு முடிவைக் கொண்டு நோயை உறுதி செய்வதில்லை.

சிகிச்சை இலக்கைப் பொறுத்தவரை, உண்ணத் தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் காணும் உச்ச அளவு 180 க்குக் குறைவாக இருக்க வேண்டும் என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கூறுகிறது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2007 இல் 140 என்ற கடுமையான இலக்கை முன்வைத்து, 2011 இல் அதனை 160 ஆகத் தளர்த்தியது. 180 என்ற எண்ணுக்கு வேறொரு பொருத்தமும் உண்டு. பெரும்பாலோருக்கு ஏறத்தாழ அவ்வளவைத் தாண்டிய பின்னரே சிறுநீரகம் சர்க்கரையைச் சிறுநீரில் விடத் தொடங்குகிறது. அதனால்தான் சிறுநீரில் சர்க்கரை இல்லை என்பதை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ள இயலாது. முதியோர், தனித்து வாழ்வோர், இதய நோய் உள்ளோர் ஆகியோருக்கு மருத்துவர்கள் இலக்கைத் தளர்த்துவதுண்டு.

பிரான்சு நாட்டின் மொன்பெலியே நகரைச் சேர்ந்த மோனியேயும் அவரது குழுவினரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வு, உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தின் பங்கைத் தெளிவுபடுத்தியது. எச்பிஏ1சி 7.3 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தவர்களிடம், மொத்தச் சர்க்கரை மிகுதியில் ஏறத்தாழ 70 விழுக்காடு உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தால் வந்தது. எச்பிஏ1சி 10.2 க்கு மேல் இருந்தவர்களிடம் அப்பங்கு சுமார் 30 விழுக்காடாகவே இருந்தது. இதன்படி, சர்க்கரை மிகவும் கூடியிருப்பவர் முதலில் வெறும் வயிற்று அளவைக் குறைத்தாக வேண்டும். இலக்கை நெருங்கியும் எட்ட முடியாதவர் தட்டில் உள்ளதைக் கவனிக்க வேண்டும்.

அளவிடுதல்

இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளத்திலிருந்து கணக்கிடப்படுவது. கை கழுவிய நேரத்திலிருந்து கணக்கிடுவது பரவலாகக் காணப்படும் தவறு. நிதானமாக உண்பவருக்கு இதனால் அரை மணி நேரம் வரை வேறுபாடு ஏற்படும்.

ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும் நாளில் மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்திக் கொள்வதும், வழக்கமான மாத்திரையை "சோதனை முடிந்த பின் போடலாம்" என்று தள்ளி வைப்பதும் இன்னும் மிகுதியாகக் காணப்படுகின்றன. முன்னது அளவைப் பொய்யாகக் குறைக்கும். பின்னது பொய்யாகக் கூட்டும். இரண்டிலும் மருத்துவரின் கையில் கிடைப்பது நோயாளியின் வழக்கமான நாளைப் பற்றிய தகவல் அன்று. அதைக் கொண்டே அவர் மருந்தின் அளவை முடிவு செய்கிறார். மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை, சிகிச்சையில் இருப்பவர் வழக்கமான உணவை வழக்கமான அளவில் உண்டு, வழக்கமான மருந்தையும் எடுத்துக் கொண்டே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் கொண்டு விரல் நுனியில் அளப்பவர் இரு செய்திகளை அறிந்திருத்தல் நலம். முதலாவது, பன்னாட்டுத் தர நிறுவனத்தின் 2013 ஆம் ஆண்டுத் தரப்படி, 100 க்கு மேற்பட்ட அளவுகளில் 95 விழுக்காட்டு முடிவுகள் உண்மை அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். உண்மையில் 180 இருக்கையில் கருவி 160 என்றோ 200 என்றோ காட்டினாலும் அது பழுதன்று. இரண்டாவது, உணவுக்குப் பின் விரல் நுனிக் குருதியில் இருக்கும் சர்க்கரை, கையின் சிரையிலிருந்து எடுக்கப்படும் குருதியில் இருப்பதை விடக் கூடுதலாக இருக்கும். தசைகள் குளுக்கோசை எடுத்துக் கொண்ட பின்னரே குருதி சிரையை அடைகிறது. வெறும் வயிற்றில் இவ்வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே ஒரே நேரத்தில் எடுத்த இரு முடிவுகள் ஒத்துப் போகவில்லை என்பதற்காக எதையும் குறை கூற வேண்டியதில்லை. பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் அளப்பது மட்டும் மிகப் பெரிய பிழையை உண்டாக்கும். விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறே அதற்குப் போதும்.

புதிதாக நோய் கண்டறியப்பட்டவருக்கு இணைகளாக அளப்பது பயன் தரும். உண்பதற்குச் சற்று முன் ஒரு முறையும், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளந்து, உண்டதை அருகில் எழுதி வைத்தால் எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்பது சில வாரங்களில் புலப்படும். 190 என்ற தனி எண் எதையும் சொல்வதில்லை. 170 இலிருந்து 190 ஆனதற்கும் 100 இலிருந்து 190 ஆனதற்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. தோலில் ஒட்டிக் கொள்ளும் தொடர் கண்காணிப்பு உணரிகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. பதினைந்து நாள் அணிந்தாலே ஒருவரின் உணவுப் பழக்கத்தின் முழு வரைபடமும் கிடைத்துவிடும்; விலைதான் பலருக்கு எட்டாதது.

உணவு

உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஒரே வேளையில் உண்ணும் மாவுச்சத்தின் மொத்த அளவு. அது எவ்வளவு விரைவில் செரிக்கிறது என்பது அடுத்து வருவது. கனடாவின் தொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்சும் அவரது குழுவினரும் 1981 இல் அறிமுகப்படுத்திய கிளைசீமிக் குறியெண், இந்த விரைவைக் குளுக்கோசுடன் ஒப்பிட்டு அளக்கிறது. 55 அல்லது அதற்குக் கீழ் உள்ளவை தாழ்ந்தவை. 70 அல்லது அதற்கு மேல் உள்ளவை உயர்ந்தவை. இக்குறியெண் உண்ணும் அளவைக் கணக்கில் கொள்வதில்லை என்பது அதன் பெரிய குறை. தாழ்ந்த குறியெண் உடைய உணவை இரு மடங்கு உண்டால் பயன் ஏதும் இல்லை.

தீட்டப்பட்ட பச்சரிசியை விடப் புழுங்கல் அரிசி பொதுவாக மெதுவாக ஏற்றுகிறது. நெல்லை அவித்து உலர்த்தும்போது மாவுச்சத்தின் அமைப்பு மாறுவது இதற்குக் காரணம். ஆயினும் அரிசி வகைகளுக்கிடையே வேறுபாடு மிகுதி. சென்னையில் உடல் எடை கூடியவர்களிடம் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வொன்றில், வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தவிடு நீக்காத அரிசி உண்டபோது 24 மணி நேரச் சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. பருப்பு வகைகளைச் சேர்த்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது.

அரிசியைக் கைவிட்டு கோதுமைக்கோ கேழ்வரகுக்கோ மாறினால் போதும் என்ற நம்பிக்கை தமிழகத்தில் ஆழமானது. 2025 இல் வெளியான நாடளாவிய உணவு ஆய்வு, இந்தியர்களின் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கண்டது. தீட்டிய அரிசிக்குப் பதில் முழுக் கோதுமையோ சிறுதானியமோ உண்பதால் மட்டும், மொத்த மாவுச்சத்து குறையாதவரை, நீரிழிவு வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றும் அது கூறியது. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்குக்குப் பதிலாகப் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை உண்போரிடம் அவ்வாய்ப்பு குறைவாக இருந்தது. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி என்பது உண்மை. ஆயினும் நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி மிக விரைவில் செரித்து, சர்க்கரையைச் சோற்றுக்கு நிகராக ஏற்றக் கூடியது. நோய் வந்ததும் பலர் மூன்று வேளைக்கும் கஞ்சிக்கு மாறுவது இதனால் எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. தானியம் முழுமையாக, மென்று உண்ணும் வடிவில் இருப்பது நல்லது. பழத்தை உண்பதற்கும் சாறாகக் குடிப்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே.

வெல்லம், பனங்கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை ஆகியவை நீரிழிவாளருக்கு ஏற்றவை என்ற விளம்பரம் தவறானது. இவற்றின் பெரும் பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோசு. தாதுப் பொருள்கள் சிறிதளவு இருப்பதால் குருதிச் சர்க்கரை ஏறுவது குறைவதில்லை.

உண்ணும் வரிசையும் பொருட்படுத்தத் தக்கது. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 11 நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2015 இல் வெளியான சிறு ஆய்வில், ஒரே உணவில் காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைப் பின்னர் உண்டபோது, ஒரு மணி நேர அளவு ஏறத்தாழ 37 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆய்வு சிறிதாயினும் பின்னர் வந்த பிற ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. தமிழர் உணவில் சோறும் குழம்பும் பிசைந்து உண்ணப்படுவதால் இவ்வரிசையை அப்படியே கடைப்பிடிப்பது கடினம். பொரியலையோ சுண்டலையோ ஒரு கிண்ணம் முதலில் உண்டு விட்டுச் சோற்றைத் தொடுவது நடைமுறைக்கு உகந்தது. இதனால் சோற்றின் அளவும் தானாகவே குறைந்து விடும்.

வெந்தயத்தில் உள்ள கரையும் நார்ச்சத்து உறிஞ்சலைத் தாமதப்படுத்துகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990 இல் இது பற்றி ஆய்வு வெளியிட்டுள்ளனர். அவற்றில் தரப்பட்ட வெந்தயத்தின் அளவு, ஊறவைத்து விழுங்கும் ஒரு தேக்கரண்டியை விட மிகக் கூடுதல் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பாகற்காய்ச் சாறு பற்றிய சான்றுகள் வலுவற்றவை. கறியாக உண்பதில் தீங்கு இல்லை. மருந்துக்கு மாற்றாகக் கொள்வதில் தீங்கு உண்டு.

உணவுக்குப் பின் நடத்தல்

இயங்கும் தசை இன்சுலினின் துணை இல்லாமலேயே குளுக்கோசை உள்வாங்க வல்லது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை நீரிழிவு உடைய 41 பேரிடம் செய்யப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வு, நாளில் ஏதேனும் ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதையும், ஒவ்வொரு முதன்மை உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டது. மொத்த நேரம் ஒன்றே. எனினும் உணவுக்குப் பின் நடந்தபோது ஏற்றம் சராசரியாக 12 விழுக்காடும், இரவு உணவுக்குப் பின் 22 விழுக்காடும் குறைவாக இருந்தது. தமிழ்நாட்டில் இரவு உணவு ஒன்பது மணிக்கு மேல் உண்டு உடனே படுக்கைக்குச் செல்லும் வழக்கம் நகரங்களில் பரவலாக உள்ளதால் இம்முடிவு கவனிக்கத் தக்கது. வேக நடை தேவையில்லை. மொட்டை மாடியிலோ தெருவிலோ இயல்பாக நடந்தாலே போதும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செய்தல் வேண்டும்.

மருந்துகள்

பெரும்பாலோருக்கு முதலில் தரப்படும் மெட்ஃபார்மின், கல்லீரல் வெளியிடும் குளுக்கோசைக் குறைக்கிறது. அதன் பயன் வெறும் வயிற்று அளவில் மிகுதியாகத் தெரியும். உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தைக் குறிவைப்பவற்றுள் அகார்போசு, வாக்ளிபோசு ஆகியன குடலில் மாவுச்சத்து உடைபடுவதைத் தாமதப்படுத்துகின்றன. முதல் கவளத்தோடு எடுத்துக் கொண்டால்தான் இவை பயன் தரும். செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் நொதிப்பதால் வயிற்று உப்புசம் ஏற்படுவது இவற்றின் பக்கவிளைவு. சிட்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின் வகை மருந்துகள் இன்கிரெட்டின்கள் சிதைவதைத் தடுக்கின்றன. ஜி.எல்.பி-1 ஐப் போன்று செயற்படும் ஊசி மருந்துகள் இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதையும் மெதுவாக்குகின்றன. கிளிமெபிரைடு முதலிய சல்போனைல்யூரியாக்கள் உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. எனவே இவற்றை எடுத்துக் கொண்டு உணவைத் தள்ளிப் போட்டால் தாழ்சர்க்கரை ஏற்படலாம்.

குருதிச் சர்க்கரை 70 க்குக் கீழ் செல்வது தாழ்சர்க்கரை எனப்படும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, மனக்குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். 15 கிராம் சர்க்கரை உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்ப்பது வழக்கமான முதலுதவி. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இந்தியாவில் கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வாக்ளிபோசு மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கப்படுகின்றன. இதனை உண்பவருக்குத் தாழ்சர்க்கரை ஏற்பட்டால் வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ விரைவில் பலன் தராது. அதில் உள்ள சுக்ரோசை உடைக்கும் நொதியைத்தான் வாக்ளிபோசு தடுத்து வைத்துள்ளது. இவர்கள் தூய குளுக்கோசுத் தூளைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். மாத்திரை எழுதித் தரப்படும்போது இச்செய்தி நோயாளியிடம் சொல்லப்படாமல் போவதுண்டு. வீட்டில் உள்ளோரும் இதை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நீண்ட கால விளைவுகள் பற்றிய விவாதம்

ஐரோப்பிய மக்களிடம் செய்யப்பட்டு 1999 இல் வெளியான டீகோடு ஆய்வு, குளுக்கோசு குடித்த இரண்டு மணி நேர அளவு உயர்ந்திருப்போரிடம் இறப்பு வீதம் கூடுவதையும், வெறும் வயிற்று அளவை விட இது நன்கு முன்னறிவிப்பதையும் காட்டியது. இதனால் உணவுக்குப் பிந்தைய ஏற்றத்தை மட்டும் குறைத்தாலே மாரடைப்பு குறையும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை. மாரடைப்புக்கு உள்ளான நீரிழிவாளர்களிடம் நடந்த ஹார்ட்2டி ஆய்வு (2009), முன்நீரிழிவு உடையோரிடம் நட்டெக்லினைடு மருந்தைக் கொண்டு செய்யப்பட்ட நேவிகேட்டர் ஆய்வு (2010), சீனாவில் அகார்போசைக் கொண்டு செய்யப்பட்ட ஏ.சி.இ. ஆய்வு (2017) ஆகிய மூன்றிலும் இதய நோய் குறையவில்லை. மூன்றாவதில் புதிதாக நீரிழிவு வருவது மட்டும் குறைந்தது. ஆகவே இரண்டு மணி நேர அளவைத் தனித்து நோக்காமல், எச்பிஏ1சி, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றுடன் சேர்த்தே மருத்துவர்கள் கருதுகின்றனர்.

புதிதாக நோய் கண்டறியப்பட்டோரைப் பொறுத்தவரை மற்றொரு திசையிலிருந்து வந்த முடிவு மிகுந்த கவனம் பெற்றது. நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்ட, உடல் எடை மிகுந்தோரிடம் பிரித்தானியாவில் நடத்தப்பட்ட டைரக்ட் ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி உணவை மருத்துவக் கண்காணிப்பில் சில மாதங்கள் தந்து எடை குறைக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் 46 விழுக்காட்டினருக்கு நீரிழிவு மருந்து ஏதுமின்றி எச்பிஏ1சி 6.5 க்குக் கீழ் நின்றது. இரண்டாம் ஆண்டு முடிவில் இது 36 விழுக்காடாக இருந்தது. மீட்சி பெற்றவர்களிடம் முதற்கட்ட இன்சுலின் சுரப்பு ஓரளவு திரும்பியதையும் அவ்வாய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.